ஓர்க்கின் காலடியில் ஒட்டிய காகிதம்

கலிபோர்னியாவின் இர்வைன் நகரில், பிளிஸார்ட் கம்பெனியின் வளாகத்து முற்றத்தில் ஒரு ஓர்க் நிற்கிறான். வெண்கலச் சிலை. 12 அடி உயரம். பெரிய ஓநாயின் முதுகில் ஏறி, கையில் கோடரியோடு பாயத் தயாராக இருக்கிறான். ‘வார்கிராஃப்ட்’ ஆடியவர்களுக்கு அவனைத் தெரியும். ஆடாதவர்களுக்கு இப்படிச் சொல்லலாம்: அந்தக் கம்பெனிக்குச் சோறு போட்ட குலசாமி. அவனைச் சுற்றித் தரையில், திசைகாட்டியின் முனைகள் போல எட்டுத் தகடுகள். ஒவ்வொன்றிலும் கம்பெனியின் கொள்கை ஒன்று. ஒவ்வொரு குரலும் முக்கியம். பொறுப்போடு வழிநடத்து. நியாயமாக ஆடு. இந்த மாதிரி.

2021 ஜூலையில், பெண் ஊழியர்களுக்குப் பாலியல் தொல்லை, சம்பளத்தில் பாகுபாடு என்று ஆக்டிவிஷன் பிளிஸார்ட் மீது கலிபோர்னியா மாநில அரசின் துறை ஒன்று வழக்குத் தொடுத்தது. நிர்வாகத்தின் முதல் பதில் வழக்குப் போட்ட அதிகாரிகளைத் திட்டுவதாக இருந்தது. ஊழியர்கள் கொதித்துப்போனார்கள். ஆயிரக்கணக்கானோர் கண்டனக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஜூலை 28 அன்று வெளிநடப்பு. அந்த நாட்களில் யாரோ சில ஊழியர்கள் அந்தச் சிலையிடம் போய், சில தகடுகளை மட்டும் காகிதம் ஒட்டி மறைத்தார்கள். ‘ஒவ்வொரு குரலும் முக்கியம்’ மறைந்தது. ‘பொறுப்போடு வழிநடத்து’ மறைந்தது.

(அந்த வழக்கு 2023 டிசம்பரில் சுமார் 5.4 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. பாலியல் தொல்லைக் குற்றச்சாட்டுகளை எந்த நீதிமன்றமும் உறுதி செய்யவில்லை என்பதும் அந்தச் சமரசத்தில் உண்டு. வழக்கின் முடிவு பற்றி நான் இங்கே பேச வரவில்லை.)

நான் பேச வந்தது அந்தக் காகிதத்தைப் பற்றி. கோபத்தில் இருந்தவர்கள் ஓர்க்கைத் தொடவில்லை, கவனித்தீர்களா? அவன் மேல் பெயிண்ட் ஊற்றவில்லை, கண்ணைக் கட்டவில்லை. அவன் அவர்களுடைய ஆள். அவனுக்குத் தசை வரைந்தது, நடக்க வைத்தது, கோடரி வீசும்போது சத்தம் சேர்த்தது, ஓநாயின் கால் தரைக்குள் புதைந்துபோகும் பக்கைச் சரிசெய்தது எல்லாம் அவர்களும் அவர்களைப் போன்றவர்களும்தான். காலடியில் இருந்த வார்த்தைகள்தான் கம்பெனியுடையவை. மறைத்தது அதை.

அந்த எட்டுத் தகடுகளில் எட்டுக் கொள்கைகள் இருக்கின்றன. ஓர்க்கை உருவாக்கிய ஒருத்தர் பெயர்கூட இல்லை.

*

என் வாதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீடியோ கேம் நாயகனுக்குச் சிலை வைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு நாம் ஒரு டிரேட்மார்க்குக்குச் சிலை வைக்கிறோம். அந்த நாயகன் வாழ்ந்ததில்லை, செத்ததில்லை, எதையும் இழந்ததில்லை. அவனுக்காக எதையாவது கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்: தூக்கத்தை, முதுகெலும்பை, கல்யாண நாளை, குரலை. பீடத்தில் அவர்கள் பெயர் இல்லாத வரை அந்தச் சிலை ஒரு விளம்பரப் பலகை. வெண்கலத்தில் செய்த விளம்பரப் பலகை, அவ்வளவுதான்.

‘ஏன்யா, ஒரு பொம்மைக்கு இவ்வளவு பேச்சா?’ என்று கேட்கலாம். வீரனுக்குக் கல் நடுவது நமக்குப் புதிதில்லை என்பதால்தான் பேசுகிறேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்ட கல். கல்லில் அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாய். திருடர்கள் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாய். அதன் பெயர் கோவிவன் என்று கல்வெட்டு சொல்கிறது. சுமார் 1,400 வருடத்துக்கு முன்னால், காட்டோரத்தில், ஒரு நாயின் உழைப்புக்குப் பெயர் பொறிக்க அவர்களுக்குக் கல்லில் இடம் இருந்தது.

உடனே ஒரு கேள்வி வரும்: அந்தக் கல்லைச் செதுக்கியவன் பெயர் அதில் இருக்கிறதா? நியாயமான கேள்வி. பெரும்பாலான நடுகற்களில் சிற்பி பெயர் கிடையாது. ஆனால் அங்கே கல்லுக்கு அடியில் ஒரு நிஜமான சாவு இருக்கிறது. செதுக்கியவன் அந்தச் சாவுக்கு முன் தன் பெயரை ஒதுக்கி வைத்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். கேம் நாயகனின் சிலைக்கு அடியில் யாருடைய சாவும் இல்லை. அங்கே ரத்தமும் சதையும் உள்ள ஒரே மனிதர் செய்தவர்தான். அவரையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு லோகோ.

*

பெயர் பற்றிய இந்தச் சண்டை வீடியோ கேம் அளவுக்கே பழையது. 1970-களின் கடைசியில் அட்டாரி கம்பெனியில் ஒரு கேமை ஒரே ஆள் எழுதுவார். கதை, படம், ஒலி, கோட் எல்லாம் அவரே. ஆனால் பெட்டியில் அவர் பெயர் வராது. வாரன் ராபினெட் என்ற புரோகிராமர் ‘அட்வெஞ்சர்’ என்ற கேமை எழுதினார். 10 லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. அவருக்கு மாதச் சம்பளம் உண்டு, ராயல்டி கிடையாது, பெயரும் கிடையாது. மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? கேமுக்குள்ளே ஒரு ரகசிய அறை கட்டினார். பின்னணி நிறத்திலேயே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் ஒரே ஒரு சாம்பல் புள்ளியைத் தேடி எடுத்துக்கொண்டு, சரியான சுவர் வழியாகப் போனால் அந்த அறை திறக்கும். உள்ளே, இதைச் செய்தது வாரன் ராபினெட் என்று எழுத்துகள் மின்னும்.

கம்பெனிக்கு அவர் அதைச் சொல்லவில்லை. வேலையை விட்டுப் போன பிறகு, ஒரு பையன் அந்த அறையைக் கண்டுபிடித்து அட்டாரிக்கே கடிதம் எழுதித்தான் விஷயம் வெளியே வந்தது. இன்று நாம் ‘ஈஸ்டர் எக்’ என்று கொண்டாடுகிறோமே, அந்தச் சொல் கேம் உலகத்துக்கு வந்தது இந்த அறையால்தான். நமக்கு அது ஜாலியான விளையாட்டு. அது பிறந்தது ஒரு தொழிலாளி தன் பெயரைக் கடத்திக்கொண்டு போய் ஒளித்து வைத்ததில்.

அதே காலத்தில் அட்டாரியின் நான்கு புரோகிராமர்கள் மேலிடத்தில் போய்ப் பெயரும் பங்கும் கேட்டார்கள். டேவிட் கிரேன், லாரி கேப்ளன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட். கேமை எழுதுகிறவரும் அசெம்பிளி லைனில் அதைப் பெட்டியில் போடுகிறவரும் கம்பெனிக்கு ஒன்றுதான் என்கிற தொனியில் பதில் வந்ததாக டேவிட் கிரேன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பதிலில் பாதி எனக்குப் பிடிக்கும். ஆமாம், பெட்டியில் போடுகிறவரும் மனிதர்தான், அவர் பெயரையும் போடுங்கள் என்று முடித்திருந்தால் அது மகத்தான பதில். அவர்கள் இரண்டு பேர் பெயரும் வேண்டாம் என்று முடித்தார்கள்.

நால்வரும் வெளியே வந்து, 1979-இல் தனிக் கம்பெனி ஆரம்பிப்பதில் சேர்ந்தார்கள். அங்கே கேம் பெட்டியில் எழுதியவர் பெயர் இருந்தது. உள்ளே இருக்கும் கையேட்டில் அவர் புகைப்படம், அவர் சொல்லும் டிப்ஸ். நாவலாசிரியருக்குக் கிடைக்கும் மரியாதை முதல்முறையாக ஒரு புரோகிராமருக்குக் கிடைத்தது. அந்தக் கம்பெனியின் பெயர் ஆக்டிவிஷன்.

ஆம், அதே ஆக்டிவிஷன். 2008-இல் பிளிஸார்டின் தாய்க் கம்பெனியோடு இணைந்து ஆக்டிவிஷன் பிளிஸார்ட் ஆனதும், 2021-இல் ஊழியர்கள் தகட்டை மறைத்ததும் இந்தக் கம்பெனியில்தான். பெயர் வேண்டும் என்று கேட்டவர்கள் கட்டிய வீடு. நாற்பது வருடத்தில் அந்த வீட்டு முற்றத்தில் மிஞ்சியது கொள்கைத் தகடு.

இதற்கு இன்னொரு பின்குறிப்பும் உண்டு. பிளிஸார்டின் ‘ஓவர்வாட்ச்’ கேமில் ஒரு கௌபாய் ஹீரோவுக்கு அங்கே வேலை பார்த்த ஒருவரின் பெயரை வைத்திருந்தார்கள். சர்ச்சைக்கு நடுவே அந்த நபர் வேலையில் இல்லாமல் போனார். 2021 அக்டோபரில் ஹீரோவின் பெயரை ‘கோல் கேசிடி’ என்று மாற்றினார்கள். மாற்றியதில் எனக்குப் புகார் இல்லை. கூடவே ஒரு முடிவையும் அறிவித்தார்கள்: இனிமேல் எந்தப் பாத்திரத்துக்கும் நிஜ ஊழியர் பெயரை வைப்பதில்லை. ஒருவர் பெயரால் சங்கடம் வந்ததும், எல்லோருடைய பெயரும் வாசலுக்கு வெளியே போய்விட்டது. பெயருக்கு என்ன வலிமை என்று கம்பெனிகளுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும்.

*

கொஞ்சம் இங்கிலாந்துக்குப் போவோம். டெர்பி நகரில் ஒரு சாலைக்கு ‘லாரா கிராஃப்ட் வே’ என்று பெயர். 2010-இல் பொதுமக்கள் ஓட்டுப் போட்டு வைத்த பெயர். ‘டூம் ரெய்டர்’ நாயகி லாரா பிறந்தது டெர்பியில் இருந்த கோர் டிசைன் ஸ்டூடியோவில். ஊர் தன் மகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டாடுகிறது. நல்ல விஷயம்தானே?

லாராவை உருவாக்கியவர் டோபி கார்ட். முதல் கேம் 1996-இல் வந்தது, உலகம் முழுக்கப் பிய்த்துக்கொண்டு போனது. லாராவை வைத்துக் குளிர்பானம் விற்றார்கள், பத்திரிகை அட்டையில் போட்டார்கள். அவர் மனதில் இருந்த பெண் ஒருத்தி, மார்க்கெட்டிங்காரர்கள் விற்ற பெண் வேறொருத்தி. கையை மீறிப் போன பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல், அடுத்த பாகம் வெளிவரும் முன்பே, 1997-இல் அவர் வெளியேறினார். அந்தப் பணமழை கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில். சில வருடங்களில் கேமே டெர்பியை விட்டுக் கலிபோர்னியா ஸ்டூடியோவுக்குப் போனது. 2006-இல் கோர் டிசைனும் கைமாறிப் பெயர் இழந்தது. 2010-இல் சாலைப் பலகை நட்டபோது, லாராவைச் செய்த கை எதுவும் லாராவின் மேல் இல்லை. பலகையில் இருப்பவள் மட்டும் எங்கோ யாருக்கோ சம்பாதித்துக்கொண்டிருந்தாள்.

டெர்பி மக்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் அன்போடுதான் ஓட்டுப் போட்டார்கள். ஆனால் ‘லாரா கிராஃப்ட்’ என்ற எழுத்துகளுக்குக் கீழே, சின்ன எழுத்தில், அந்த ஊரில் அவளைச் செய்த குழுவின் பெயர்களை எழுத எத்தனை பவுண்டு செலவாகியிருக்கும்?

இந்தப் பாடத்தைக் கேம்களுக்கு முன்பே சினிமா நடத்திவிட்டது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ராக்கி பல்போவாவின் வெண்கலச் சிலை உலகப் பிரசித்தம். சில்வஸ்டர் ஸ்டாலோன் தன் ‘ராக்கி 3’ படத்துக்காக ஏ. தாமஸ் ஷோம்பெர்க் என்ற சிற்பியிடம் செய்து வாங்கிய சிலை. ஷூட்டிங் முடிந்ததும் நகரம் அதை என்ன செய்வது என்று பல வருடம் சண்டை போட்டது. கடைசியில் 2006-இல் கலை அருங்காட்சியகப் படிக்கட்டுகளின் அடியில் வைத்தார்கள். டூரிஸ்டுகள் வரிசையில் நின்று கையைத் தூக்கி போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

அதே பிலடெல்பியாவில் ஒரு நிஜக் குத்துச்சண்டை வீரர் வாழ்ந்தார். ஜோ ஃபிரேசியர். 1964 ஒலிம்பிக் தங்கம், 1971-இல் முகமது அலியைப் புள்ளிகளில் தோற்கடித்தவர். இளம் வயதில் அவர் இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார்; தொங்கும் மாட்டிறைச்சியைக் குத்திப் பயிற்சி எடுத்தார். ராக்கி படத்தில் அந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். ஃபிரேசியர் 2011-இல் இறந்தார். அவருக்கு அந்த ஊரில் சிலை வந்தது 2015-இல். சினிமாக்காரனுக்கு முதலில், சதைக்கும் எலும்புக்கும் பிறகு, அதுவும் செத்த பிறகு. ராக்கி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பாவம், அவன் இல்லாத ஆள். நகரம் தன் மண்ணில் ஓடிய மனிதனைப் பார்க்க மறந்ததுதான் வருத்தம். கற்பனை வீரனின் வெளிச்சம் அவ்வளவு பிரகாசம். அவனுக்குப் பின்னால் நிற்பவர் தெரிய மாட்டார்.

*

இனி மறுப்புகள். எழுதும்போதே நண்பர்களிடம் பேசிப் பார்த்தேன், மூன்று மறுப்புகள் திரும்பத் திரும்ப வந்தன.

முதலாவது: ‘கற்பனைப் பாத்திரத்துக்குச் சிலையே கூடாதுங்கிறியா?’

அப்படிச் சொல்லவே இல்லை. பதினைந்து வயதில் லாராவோடு குகைக்குள் விழுந்து விழுந்து செத்த எனக்கு, அவள் மேல் இருக்கும் பாசம் நிஜம். கேம்களே இதை அழகாகச் சொல்லும். ‘செல்டா’ வரிசையின் ‘விண்ட் வேக்கர்’ கேமில் கடலுக்கு அடியில் மூழ்கிய கோட்டை ஒன்று வரும். அங்கே முந்தைய கேமின் நாயகனுக்கு ஒரு பெரிய சிலை இருக்கும். முந்தைய கேமை ஆடியவர்கள் அதன் முன்னால் சும்மா நின்றுவிடுவார்கள். அந்த உணர்ச்சியை நான் கேலி செய்ய மாட்டேன்.

அந்தப் பாசத்தைச் செய்தவர் பக்கம் திருப்பிவிடும் சிலைகளும் உண்டு. எடின்பரோவில் ஷெர்லாக் ஹோம்ஸுக்குச் சிலை இருக்கிறது. ஏன் அங்கே? கோனன் டாயில் பிறந்த வீடு இருந்த இடம் அது. ஜப்பானின் சகாய்மினாதோ ஊரில் ஒரு தெரு முழுக்க வெண்கலச் சிலைகள், பெரும்பாலும் பேய்களும் பூதங்களும். அந்த ஊரில் வளர்ந்த மாங்கா ஓவியர் மிசுகி ஷிகேருவின் பாத்திரங்கள். தெருவின் பெயரே மிசுகி ஷிகேரு சாலை. ரயிலடியில் அவரே உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிற மாதிரி சிலை. அவாஜி தீவின் சுமோதோ நகரில் ‘டிராகன் குவெஸ்ட்’ கேமின் 30-ஆம் ஆண்டை ஒட்டி வாள், கேடயம், ஸ்லைம் வைத்த நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். அது டோக்கியோவில் இல்லாமல் அங்கே இருப்பதற்குக் காரணம், கேமைச் செய்த ஹோரி யூஜி பிறந்த ஊர் அது. இந்தச் சிலைகள் பாத்திரத்தைக் காட்டி, ‘இதைச் செய்தவர் எங்க ஊர்க்காரர்’ என்கின்றன. இர்வைனில் இருப்பது, ‘இது எங்க சொத்து’ என்கிறது.

இரண்டாவது: ‘டாயில் ஒருத்தர், மிசுகி ஒருத்தர். இப்போ ஒரு கேமுக்கு ரெண்டாயிரம் பேர் வேலை பார்க்கிறாங்க. எல்லாப் பேரையும் எங்கே எழுதுறது?’

வாஷிங்டனில் எழுதியிருக்கிறார்கள். வியட்நாம் போரில் இறந்த அமெரிக்கர்களுக்கான நினைவுச் சுவர் 1982-இல் திறக்கப்பட்டது. கறுப்புக் கருங்கல்லில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். சிலை இல்லை, துப்பாக்கி இல்லை, பெயர் மட்டும். வடிவமைத்த மாயா லின் போட்டியில் வென்றபோது 21 வயதுக் கல்லூரி மாணவி. அப்போது பலருக்கு அது பிடிக்கவில்லை. வீரர் சிலை வேண்டும் என்று சண்டை போட்டு, 1984-இல் மூன்று சிப்பாய்களின் வெண்கலச் சிலையைப் பக்கத்தில் வைக்கச் செய்தார்கள். அந்த இடத்தின் புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள். ஜனங்கள் சுவரில்தான் கையை வைக்கிறார்கள். காகிதத்தைப் பெயர் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். இடம் இல்லை என்பது பொய். கல்லில் 58,000 பெயருக்கு இடம் இருந்தது. டிஜிட்டல் திரையில் 2,000 பெயருக்கு இடம் இல்லையா?

உண்மையில் திரையிலேயே மறுக்கிறார்கள், அதுதான் கொடுமை. 2021-இல் வந்த ‘மெட்ராய்ட் டிரெட்’ கேமைச் செய்த ஸ்பெயின் ஸ்டூடியோ, தயாரிப்புக் காலத்தில் குறைந்தது 25 சதவீதமாவது வேலை பார்த்திருந்தால்தான் பெயர் வரும் என்று விதி வைத்திருந்தது. ஆறேழு மாதம் வேலை பார்த்துவிட்டுப் போனவர்கள் கேமில் இல்லை. அவர்கள் செய்த வேலை மட்டும் கேமில் இருக்கிறது. 2018-இல் ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ வந்தபோது, முடிவு வரை இருந்தவர்களுக்குத்தான் கிரெடிட்ஸ் என்கிற கம்பெனி வழக்கம் வெளியே தெரிந்து நாறியது. அதன் பிறகு, விட்டுப் போனவர்கள் பெயரை இணையதளத்தில் நன்றிப் பட்டியலாகப் போட்டார்கள். கேமுக்குள் இல்லை. வாசலில்.

மூன்றாவது, இதுதான் எனக்கு எரிச்சல் மூட்டுவது: ‘சம்பளம் வாங்கிட்டாங்கல்ல? அப்புறம் என்ன?’

இதைச் சொன்னவரும் என்னைப் போலவே சாஃப்ட்வேர் வேலைதான் பார்க்கிறார். நம் தொழிலில் பெயர் தானாகவே பதிவாகும். யார் எந்த வரியை எழுதினார்கள் என்று பார்க்க ‘கிட்’டில் ஒரு கட்டளை இருக்கிறது, அதன் பெயரே ‘பிளேம்’. குற்றம் சாட்டு. ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால், அந்த வரியை எழுதியவன் பெயர், தேதி, நிமிஷம் எல்லாம் இரண்டு நொடியில் வந்துவிடும். திட்ட வேண்டும் என்றால் தனி மனிதன். பாராட்ட வேண்டும் என்றால் ‘டீம்’. கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும். கேம் துறையில் அடுத்த வேலைக்குப் போகும்போது கிரெடிட்ஸில் இருக்கும் பெயர்தான் அனுபவச் சான்றிதழ். அதை மறுப்பது மரியாதைக் குறைவு மட்டும் இல்லை, அடுத்த வேலைச் சோற்றில் கை வைப்பது. அந்த அடுத்த வேலையும் எப்போது தேட வேண்டி வரும் என்று தெரியாது. 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் சுமார் 6,900 கோடி டாலருக்கு ஆக்டிவிஷன் பிளிஸார்டை வாங்கி முடித்தது. 2024 ஜனவரியில் தன் கேமிங் பிரிவில் 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பியது. ஓர்க்கை யாரும் அனுப்பவில்லை. அவன் சொத்துப் பட்டியலில் இருக்கிறான்.

*

இது பழைய வயிற்றெரிச்சல் என்று தள்ளிவிடாதீர்கள். அடுத்து வருவது இன்னும் மோசம்.

இன்றைய கேம் நாயகன் வெறும் ஓவியம் இல்லை. ஒரு நடிகர் உடம்பு முழுக்கப் புள்ளிகள் ஒட்டிய உடை போட்டு ஓடி, விழுந்து, அழுது காட்டுவார். அது பதிவாகிப் பாத்திரமாகும். குரல் ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது, தோள்பட்டை குலுங்குவது மூன்றாமவருடையது. 2024 ஜூலையில் அமெரிக்க நடிகர் சங்கம் வீடியோ கேம் கம்பெனிகளுக்கு எதிராக வேலைநிறுத்தத்தில் இறங்கியது. சுமார் 11 மாதம் நீடித்தது. பேச்சுவார்த்தையில் கடைசி வரை சிக்கலாக இருந்தது செயற்கை நுண்ணறிவு: என் அசைவையும் குரலையும் ஒருமுறை பதிவு செய்துகொண்டு, நான் இல்லாமலேயே என்னை நடிக்க வைப்பீர்களா? கேட்காமல் செய்வீர்களா? காசு தருவீர்களா?

2025-இல் லாரா கிராஃப்ட்டே இந்தச் சிக்கலில் வந்து நின்றாள். பழைய ‘டூம் ரெய்டர்’ கேம்களின் புதுப்பித்த பதிப்பில், பிரெஞ்சு மொழியில் லாராவுக்குப் பல வருடம் குரல் கொடுத்த பிரான்சுவாஸ் கடோல், தான் பேசாத வசனம் தன் குரலில் வருவதைக் கேட்டுச் சட்ட நடவடிக்கைக்குப் போனார். ரசிகர்கள்தான் முதலில் கண்டுபிடித்து அவருக்குச் சொன்னார்கள். கம்பெனி மன்னிப்புக் கேட்டு அந்த ஒலியை நீக்கியது.

ரசிகர்களின் காது, ‘இது அவங்க பேசினது இல்லையே’ என்று கண்டுபிடித்தது. லாராவின் குரலுக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெயர் தெரிந்திருந்தது. அதனால்தான் திருட்டைப் பிடிக்க முடிந்தது. பெயர் தெரியாத குரலைத் திருடினால் யார் கேட்பார்கள்? பெயர் கேட்பது புகழாசை என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

*

என் மேஜையில் ஒரு கேம் வீராங்கனையின் சிலை இருக்கிறது. கலெக்டர்ஸ் எடிஷனோடு வந்தது, ஒரு மாத வாடகையில் பாதி கொடுத்து வாங்கினேன். தலைகீழாகத் திருப்பினால் காப்புரிமைக் குறி, டிரேட்மார்க் குறி, கம்பெனி பெயர், ‘மேட் இன் சைனா’. முகத்தைச் செதுக்கியவர் பெயர் இல்லை. கண்ணுக்கு மை தீட்டியவர் பெயர் இல்லை. அவளை முதன்முதலில் பேப்பரில் கிறுக்கியவர் பெயர் இல்லை. உங்களிடமும் ஒன்று இருக்கும். திருப்பிப் பாருங்கள்.

என் கோரிக்கைகள் பெரிதில்லை. கேம் பாத்திரத்துக்கு எங்கே சிலை வைத்தாலும், பீடத்தில் அதைச் செய்தவர்கள் பெயரைப் பொறியுங்கள். கொள்கையை அலுவலகச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள். ஒரு நாள் வேலை பார்த்தவர் பெயரும் கிரெடிட்ஸில் வரட்டும். சதவீதக் கணக்கு வேண்டாம். பாத்திரத்தின் பெயரைத் தெருவுக்கு வைக்கும் நகரங்கள் அடியில் ஒரு வரி சேர்க்கட்டும். குரல் கொடுத்தவர், உடம்பு கொடுத்தவர் பெயர் கேமின் தொடக்கத்திலேயே வரட்டும், சினிமாவில் வருகிற மாதிரி. இது எதுவும் தானாக வராது. கிரெடிட்ஸில் விட்டுப்போனவர்களுக்காகக் கத்தியது பத்திரிகையாளர்களும் ஆடுகிறவர்களும்தான். அதனால்தான் அந்த நன்றிப் பட்டியலாவது வந்தது. நாமும் கத்தலாம். காசு நம்முடையது.

இதெல்லாம் நடக்காது என்பவர்களுக்கு ஒரு இடம் காட்டுகிறேன். இர்வைன் முற்றத்தில் இல்லை. ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ கேமுக்குள், பாரன்ஸ் என்ற வறண்ட புல்வெளியில் இருக்கிறது. அதை ஆடிய லட்சக்கணக்கானவர்கள் அந்த வழியே ஓடியிருக்கிறார்கள், பலர் கவனித்திருக்க மாட்டார்கள். மலை மேல் ஒரு சின்னச் சமாதி. அதில் ஒரு ஓர்க் வீரனின் உடல் கிடத்தப்பட்டிருக்கும். மிஷெல் கொய்டர் என்ற ஓவியர் அந்தக் கேமுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, 2004 மார்ச்சில் இறந்துபோனார். கேம் வெளிவந்தது அந்த வருடம் நவம்பரில். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்காக அந்தச் சமாதியை உள்ளே கட்டினார்கள். பரிசு எதுவும் கிடைக்காது, சண்டை எதுவும் இல்லை, அங்கே போய் நிற்கலாம், அவ்வளவுதான்.

கேம் உலகத்தில் நான் பார்த்த ஒரே நடுகல் அதுதான். அதை நட்டவர்கள் தொழிலாளிகள். அவர்களுக்குத் தெரியும் யாருக்குக் கல் நட வேண்டும் என்று. பாரன்ஸ் பக்கம் போனால் ஒரு நிமிஷம் ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் போங்கள்.